எந்த மொழியில் சண்டை போடுகிறீர்கள்? கோலாலம்பூரில் மனநல ஆலோசகரைத் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் மனைவியும் நானும் முதன்முதலாக ஓர் ஆலோசகரைத் தேடியபோது, யாரிடம் கேட்பது என்று தெரியாமலேயே ஒரு மாதத்தைக் கடத்தினோம். குடும்ப மருத்துவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அண்ணனிடம் கேட்டால் அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் கிள்ளான் வரைக்கும் தெரியும். கடைசியில் கைப்பேசியில் தேடி, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் 250 ரிங்கிட் கட்டிப் போய் உட்கார்ந்தோம். சுவர் நிறையச் சான்றிதழ்கள் மாட்டியிருந்த அவர், இருபது நிமிடம் கேட்டுவிட்டு, "நீங்கதாம்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று என் மனைவியிடம் சொன்னார். இந்நாட்டில் ஆலோசகராகப் பதிவு பெற்றவரே அல்லர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு சரியான ஒருவரை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதையும், அந்த வழியில் எங்கெங்கே தடுக்கி விழுந்தோம் என்பதையும், இந்தத் தேடலை இப்போது தொடங்குகிறவர்களுக்காக முறைப்படி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் "தஞ்சோங் ரம்புத்தான்" என்பது ஊர்ப் பெயராக இருந்ததைவிட வசவாக இருந்ததுதான் அதிகம். பேராக்கில் 1911இல் திறக்கப்பட்ட அந்த மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தவர்களுக்கு, மனத்துக்காக ஒருவரிடம் போவதென்றால் அந்த வாசலில் போய் நிற்பதுபோல ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கணவன் மனைவி சண்டைக்காகவோ, தூக்கம் வராத படபடப்புக்காகவோ நீங்கள் போகப்போகிற இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில், கீழே மாமாக் கடையும் பக்கத்தில் டியூஷன் நிலையமுமாக இருக்கும். யாராவது பார்த்தாலும் பிள்ளையை டியூஷனுக்கு விட வந்ததாகத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்

யாரையும் தேடுவதற்கு முன், எதற்காகப் போகிறோம் என்பதை ஒரு தாளில் மூன்றே வரிகளில் எழுதிக்கொள்வது நல்லது. நாங்கள் மின்கட்டண பில்லின் பின்பக்கத்தில் எழுதினோம். என் மனைவி எழுதியது இது: "அத்தை வந்து தங்கியதிலிருந்து நாங்கள் இருவரும் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொள்கிறோம். இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஏழு மாதமாக இப்படித்தான்." என்ன நடக்கிறது, உடம்பு அதை எப்படிக் காட்டுகிறது, எவ்வளவு காலமாக என்ற மூன்றும் இதில் அடங்கிவிட்டன, எந்த ஆலோசகரும் முதல் நாளில் கேட்கப்போவது இவற்றைத்தான். என் மூன்று வரிகளில் "அவள்" என்ற சொல் ஐந்து முறை வந்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் எங்கள் ஆலோசகரே என்னிடம் கேட்டார்.

எழுதி முடித்தபின், சிக்கல் உங்களுக்குள் இருக்கிறதா, உங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் தனியாகப் போகலாம். இரண்டாவது என்றால், தம்பதியர் ஆலோசனையில் பயிற்சி பெற்றவரைத் தேட வேண்டும். எல்லா ஆலோசகரும் இருவரை ஒன்றாக உட்காரவைத்து நடத்தத் தெரிந்தவர்கள் அல்லர். துணைவர் வர மறுத்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்கள் மட்டும் தொடங்கலாம். ஆனால் பல மாதம் உங்களைத் தனியாகப் பார்த்த அதே ஆலோசகரிடம் பிறகு இருவருமாகப் போவது பெரும்பாலும் சரிவராது, ஏனென்றால் பின்னால் வந்து சேர்கிறவருக்கு அந்த அறை எதிராளியின் வீடுபோலத் தெரியும்.

மைசெஜாத்ரா செயலியில் மனநலச் சோதனைக் கேள்வித்தாள் இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் வரும் முடிவு நோயின் பெயர் ஆகாது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க அது உதவும், அவ்வளவுதான்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தாலோ, அதற்கான வழியை யோசிக்கத் தொடங்கிவிட்டாலோ, ஆலோசகரின் அடுத்த வாரச் சந்திப்புக்காகக் காத்திருக்காமல், அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். தனியாக இருந்தால் 999ஐ அழையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டதால், உண்மையைச் சொன்னால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற பழைய பயத்துக்கு இப்போது இடமில்லை. பேசுவதற்கு ஒருவர் வேண்டுமென்றால் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், தமிழ் பேசுகிறவர் அப்போது பணியில் இருக்கிறாரா என்று கேட்டுப் பார்க்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவைக்கு எண் 15555.

வீட்டில் அடி உதை இருந்தால், வரிசையே மாறிவிடுகிறது. அடிக்கிறவரையும் அடி வாங்குகிறவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து "மனம் விட்டுப் பேசுங்கள்" என்பது ஆபத்தான காரியம். அந்த அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு அன்றிரவே வீட்டில் பதில் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் முதலில் 24 மணி நேரச் சேவையான தாலியான் காசேயை 15999 எண்ணிலோ, 1982 முதல் இயங்கிவரும் மகளிர் உதவி அமைப்பான டபிள்யூஏஓவை 03-3000 8858 எண்ணிலோ அழைக்க வேண்டும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ், சமூகநல அதிகாரியே 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை வழங்க முடியும். அதற்கு நீதிமன்றப் படியேறவோ, முதலில் போலீஸ் புகார் கொடுக்கவோ வேண்டியதில்லை.

யார் யார் இருக்கிறார்கள்

மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் படித்துவிட்டு மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மாத்திரை எழுதித் தர இவரால் முடியும். மருத்துவ மனோவியலாளர் நோயின் தன்மையைக் கணித்துப் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார், மாத்திரை தரமாட்டார். ஆலோசகர், அதாவது நாம் கவுன்சலர் என்று சொல்கிறவர், குடும்பச் சிக்கல், துக்கம், வேலை நெருக்கடி, மணமுறிவு போன்றவற்றில் உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர். அவரும் மாத்திரை தரமாட்டார். உறவுச் சிக்கலுக்குப் பெரும்பாலும் ஆலோசகரோ மனோவியலாளரோ போதும். பல வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் குலைந்து, வேலைக்குப் போக முடியாமல், காதில் குரல்கள் கேட்பதுபோல இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் பதிவு எண்தான். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி, இந்நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்கிறவர் லெம்பாகா கவுன்சலர் மலேசியா என்ற ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்று, கேபி என்று தொடங்கும் பதிவு எண்ணும், பிஏ எனப்படும் நடப்புத் தொழில் சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். மருத்துவ மனோவியலாளர்கள் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். மனநல மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டிலும் தேசிய நிபுணர் பதிவேட்டிலும் இருக்கும். இவற்றை இணையத்தில் பெயரைத் தட்டியே பார்த்துவிடலாம். "தெரப்பிஸ்ட்", "லைஃப் கோச்", "ஹீலர்" என்று அட்டையில் போட்டுக்கொள்வதற்கோ இப்படி ஒரு பதிவேடும் இல்லை, கேட்பாரும் இல்லை. எங்களுடைய முதல் ஆளின் அட்டையில் இருந்தது இந்த மூன்றில் ஒன்றுதான். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். முறையாகப் பதிவு பெற்றவர் கேட்டவுடன் சொல்லிவிடுவார், பலர் மின்னஞ்சலின் அடியிலேயே போட்டிருப்பார்கள். "அதெல்லாம் எதுக்கு சார், அனுபவம்தான் முக்கியம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

மொழி

நம்மவர்கள் மிகக் குறைவாக யோசிப்பதும், என் கணக்கில் மிக அதிகமாக யோசிக்க வேண்டியதும் இதுதான். கோலாலம்பூரில் ஆலோசகர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ பயின்றவர்கள். பெயரைப் பார்த்துத் தமிழர் என்று முடிவு செய்து போனால், அவருக்குத் தமிழில் நலம் விசாரிக்கத் தெரிந்திருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் துக்கத்தைப் பேசும் அளவுக்கு வராது. அது அவர் குற்றமும் அன்று. ஆகவே "தமிழ் தெரியுமா" என்று கேட்காமல், "முழு நேரமும் தமிழில் நடத்த முடியுமா" என்று கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் இரண்டாவது ஆலோசகர் நல்ல பெண்மணி, பதிவு பெற்றவர், ஆங்கிலத்தில் நடத்தினார். என் மனைவி, "இவரு எனக்கு முகம் குடுத்துப் பேசுறதே இல்ல" என்பதை ஆங்கிலமாக்கி, நான் அவளுடன் பேசுவதில்லை என்ற பொருளில் சொன்னாள். நான் உடனே மறுத்தேன். தினமும் பேசுகிறோமே, பால்மாவு, பள்ளிக் கட்டணம், கார் தவணை எல்லாம் பேசுகிறோமே என்றேன். இரண்டு வாரம் நாங்கள் பேசுகிறோமா இல்லையா என்பதிலேயே போயிற்று. முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும் பேசாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பது தமிழ் தெரிந்த எவருக்கும் சொல்லாமலே புரியும். இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, பில்களைப் பற்றிப் பேசிக்கொண்டே, மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருக்கலாம். மூன்றாவதாக நாங்கள் போன தமிழ் ஆலோசகரிடம் அதே வாக்கியத்தை அவள் சொன்னபோது, அவர் என் பக்கம் திரும்பி, "எப்ப இருந்து சார்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்காகத் தமிழ்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை போட்டு, மலாயில் வேடிக்கை பேசி வளர்ந்த பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்குத் தமிழில் அழச் சொன்னால்தான் கடினம். கோபம் வரும்போது எந்த மொழி முதலில் வாயில் வருகிறதோ அந்த மொழியில் ஓர் ஆலோசகரைத் தேடுங்கள். இருவருக்கும் வெவ்வேறு மொழி என்றால், இரண்டும் தெரிந்தவரைக் கண்டுபிடிக்கும் வரை இன்னும் கொஞ்சம் தேடுவது வீண் போகாது.

தமிழ் ஆலோசகரைத் தேடும்போது வேறொரு தயக்கமும் வரும். நம் சமூகம் சிறியது. அவர் உங்கள் சித்தி போகிற கோவிலுக்கே போகிறவராக இருக்கலாம். முதல் அழைப்பிலேயே உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் சொல்லி, ஏற்கெனவே தெரிந்த குடும்பமா என்று கேட்டுவிடுங்கள். தெரிந்தவர் என்றால் நல்ல ஆலோசகர் தாமாகவே வேறொருவரைப் பரிந்துரைப்பார். செந்தூலில் இருப்பவர் பெட்டாலிங் ஜெயாவுக்கும், பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர் சுபாங்குக்கும் போவது இதற்காகத்தான். நெரிசலில் போகும் நேரத்தை இந்த நிம்மதிக்குக் கொடுக்கலாம்.

கோலாலம்பூரில் யாரும் சரிவராமல் தமிழ்நாட்டிலுள்ள ஒருவரிடம் இணையவழியில் பேசுகிறவர்களும் உண்டு. நேரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் இரவு எட்டரைக்கு நீங்கள் பேசினால் அங்கே மாலை ஆறு. மருத்துவ மனோவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஏதாவது நெருக்கடி என்றால் உங்களை இங்கே எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எங்கே போவது, என்ன செலவாகும்

பணம் குறைவாக இருந்தால் அரசாங்க கிளினிக்தான் முதல் வாசல். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். மருத்துவர் பார்த்துவிட்டுத் தேவையானால் கோலாலம்பூர் மருத்துவமனை போன்ற இடத்தின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார். அங்கே நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். நிபுணரைப் பார்க்க நாள் கிடைப்பதற்கு வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்களும் ஆகும், அதனால் கடிதத்தை வாங்கிப் பதிந்துவிட்டு மற்ற வழிகளையும் பாருங்கள். வேலை நிமித்தம் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருப்பவர்களுக்கு அரசாங்கக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள். குடும்ப ஆலோசனைக்கு எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் இலவசச் சேவை உண்டு. அங்கே பெரும்பாலும் மலாயில்தான் நடக்கும்.

நடுத்தரச் செலவுக்கு, மருத்துவ மனோவியல் முதுகலை நடத்தும் பல்கலைக்கழகங்களின் பயிற்சி கிளினிக்குகளைக் கேட்டுப் பாருங்கள்; ஹெல்ப் பல்கலைக்கழகமும் யுகேஎம்மும் அத்தகையவை. அங்கே உங்களைப் பார்ப்பவர் மாணவராக இருப்பார், ஆனால் அவர் செய்வதை மூத்தவர் ஒருவர் மேற்பார்வை செய்வார். என் தங்கை இப்படித்தான் ஒரு மாணவியிடம் போய்ப் பயன் பெற்றாள். பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு அவர்கள் வளாகத்திலேயே இலவசமாக ஆலோசகர் இருப்பார். பெரிய நிறுவனத்தில் வேலை செய்தால் ஊழியர் உதவித் திட்டத்தில் சில அமர்வுகள் இலவசமாகக் கிடைக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். அமர்வில் பேசியது முதலாளிக்குப் போகுமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

தனியாரிடம் 50 அல்லது 60 நிமிட அமர்வுக்கு நாங்கள் விசாரித்த இடங்களில் 150 முதல் 350 ரிங்கிட் வரை சொன்னார்கள். தம்பதியர் அமர்வு நீளமாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். ஒன்றிரண்டு அமர்வில் முடிகிற காரியம் இதுவன்று என்பதால், ஒரு தடவைக்குக் கட்ட முடிகிற தொகையைப் பார்க்காமல், எட்டுத் தடவைக்குத் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

மணமுறிவு வரைக்கும் போய்விட்டவர்களுக்கு ஒரு குறிப்பு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டத்தின்படி, ஒருவர் மட்டும் மணமுறிவு கோரினால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அது சட்டம் கேட்கிற சமரச முயற்சி. அங்கே போய் வந்ததை வைத்து "கவுன்சலிங் போய்ப் பார்த்தாச்சு, பலனில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதல் செய்தியும் முதல் அமர்வும்

இரண்டு மூன்று பெயர்களைத் தேர்ந்து, மூவருக்கும் ஒரே செய்தியை வாட்ஸப்பில் அனுப்பலாம். நாங்கள் அனுப்பியது: "வணக்கம். கணவன் மனைவி இருவரும் வர விரும்புகிறோம். ஏழு மாதமாக வீட்டில் பேச்சு குறைந்திருக்கிறது. அமர்வு முழுவதும் தமிழில் நடத்துவீர்களா? சனிக்கிழமை நேரம் இருக்கிறதா? கட்டணமும் உங்கள் கேபி எண்ணும் தெரிவிக்க முடியுமா?" கதை முழுவதையும் செய்தியில் கொட்ட வேண்டியதில்லை. மூவரில் ஒருவர் பதிலே அனுப்பவில்லை, ஒருவர் ஆறு வாரம் கழித்து நாள் கொடுத்தார், ஒருவர் அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

முதல் நாளில் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். அதை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் பேசுவது இரகசியம். ஆனால் உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்ற நிலைகளில் இரகசியம் உடைக்கப்படலாம் என்று அதில் எழுதியிருக்கும். வர முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாதபட்சத்தில் முழுக் கட்டணம் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள்.

ஆலோசகர் நாட்டாமை அல்லர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கேட்டுப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள், நானும் ஏமாந்தேன். அவர் கேள்வி கேட்பார், இடையில் நிறுத்தச் சொல்வார், வீட்டில் செய்து பார்க்கச் சின்ன வேலை ஒன்று கொடுப்பார். எங்களுக்குக் கொடுத்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் பிள்ளைகளையும் பணத்தையும் பற்றிப் பேசாமல் உட்கார்ந்திருப்பது. முதல் மூன்று இரவு இருவரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்கைந்து அமர்வுக்குப் பிறகு, போன நாளைவிட ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்று இருவரும் தனித்தனியாக யோசித்து, அதை ஆலோசகரிடமே சொல்லுங்கள். மனம் கனத்துத் திரும்புவது தவறான அறிகுறி ஆகாது. ஆனால் உங்களைத் திட்டுகிறவர், மதத்தையோ சாதியையோ இழுக்கிறவர், தம் சொந்தக் கதையைச் சொல்லி நேரத்தைக் கழிக்கிறவர், வெளியில் சந்திக்கக் கூப்பிடுகிறவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடுங்கள். கடைசி வகை ஆலோசகர் என்றால் லெம்பாகாவில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மனத்துக்கு ஒட்டவில்லை என்பதற்காக மாறுவதும் தவறில்லை. "வேறொருவரைப் பார்க்க நினைக்கிறேன், யாரையாவது பரிந்துரைக்க முடியுமா" என்று கேட்டால் போதும். எங்கள் ஆங்கில ஆலோசகரிடம் இப்படிக் கேட்டுத்தான் தமிழ் ஆலோசகரின் பெயர் எங்களுக்குக் கிடைத்தது.

ஒவ்வோர் அமர்வுக்கும் ரசீது வாங்குங்கள்; அதில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். வருமான வரியில் உங்களுக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ செய்யும் மனநலப் பரிசோதனை, ஆலோசனைச் செலவுக்கு 1,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. முழு உடல் பரிசோதனைச் செலவும் இதே 1,000 ரிங்கிட்டுக்குள்தான் அடங்கும். பதிவு பெற்ற மனநல மருத்துவர், மருத்துவ மனோவியலாளர், ஆலோசகர் ஆகியோரிடம் செய்த செலவை மட்டுமே வரி வாரியம் ஏற்கிறது. எங்கள் முதல் 250 ரிங்கிட்டை அதனால் எழுத முடியவில்லை. மற்ற ரசீதுகளை 7 ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்பதால், அந்த மின்கட்டண பில்லோடு சேர்த்து ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறோம்.